பவர் ஆன்டெனாவுக்குத் தனி ஸ்விட்ச்: மோட்டாரை அடையாளம் காண்பதிலிருந்து கடைசிச் சோதனை வரை

ஆனைமலைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் இருக்கும் எங்கள் சாளையை, அதாவது தோட்டத்து வீட்டை, ஒட்டித்தான் கான்டெசா கார் நிற்கும். கார் ஷெட்டின் கூரை ஒரு பக்கம் தாழ்ந்து வரும். பெண்டருக்கு, அதாவது சக்கரத்தை மூடும் தகரத்துக்கு, நேர் மேலே குறுக்கு விட்டம். வண்டி வாங்கிய புதிதில் கடையில் போட்ட பவர் ஆன்டெனா அந்தப் பெண்டரில்தான் இருக்கிறது. சாவியைத் திருகினால் ஸ்டீரியோ செட் உயிர் பெறும், பென்டிரைவில் விட்ட பாட்டு தொடரும், கூடவே கம்பி மேலே ஏறி விட்டத்தில் முட்டும். பிறகு உள்ளே பல்சக்கரம் வழுக்கி "டக டக டக" என்று சத்தம். இப்படி இரண்டு முறை கம்பி வளைந்தது. மூன்றாம் முறை உள்ளே இருந்த நைலான் பல்கயிறு பல் தேய்ந்து போனது.

பின் சீட்டில் இருந்த மாமாதான் கேட்டார்: "ஏம் மாப்ள, பாட்டு பென்டிரைவுல ஓடுது. கம்பி எதுக்கு மேல போவோணும்?"

கேள்வி சரியானது. ரேடியோ கேட்காதபோது ஆன்டெனாவுக்கு மேலே வேலையே இல்லை. அது எப்போது ஏற வேண்டும் என்பதை வண்டி ஓட்டுபவர் சொல்ல வேண்டும், செட் சொல்லக் கூடாது. அதற்குத் தேவைப்படுவது ஒரு சின்ன ஸ்விட்சும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும்தான். ஆனால் ஸ்விட்சை எந்த வயரில் போடுவது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி விளக்குகிறேன்.

உங்களுடையது எந்த ரகம்?

பவர் ஆன்டெனாவில் பொதுவாக இரண்டு ரகம் உண்டு. இது தெரியாமல் ஸ்விட்ச் வாங்கவே போகாதீர்கள்.

முதல் ரகம் தானியங்கி. மோட்டாரோடு ரிலேயும், அதாவது சின்னக் கரண்டில் கட்டளை வாங்கிப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்சும், சேர்ந்தே இருக்கும். பெரும்பாலும் மூன்று வயர். ஒன்றில் எப்போதும் 12 வோல்ட் நிற்கும், இன்னொன்று பாடி எர்த் (பேட்டரி மைனஸ் இணைந்திருக்கும் வண்டித் தகரம்), மூன்றாவது செட்டிலிருந்து வரும் சிக்னல் வயர். சிக்னல் வயரில் 12 வோல்ட் வந்தால் கம்பி ஏறும், அது நின்றால் கம்பி தானாகவே இறங்கும். ஏறவும் இறங்கவும் வேண்டிய மின்சாரம் எப்போதும் நிற்கும் அந்த மெயின் வயரிலிருந்துதான் வருகிறது. சிக்னல் வயர் வெறும் கட்டளை.

இரண்டாம் ரகத்தில் ரிலே கிடையாது. மோட்டாரிலிருந்து இரண்டே வயர் வெளியே வரும். ஒரு பக்கமாகக் கரண்ட் கொடுத்தால் ஏறும், பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் மாற்றிக் கொடுத்தால் இறங்கும். கிணற்று மோட்டாரில் மூன்று பேஸில் இரண்டை மாற்றிப் போட்டால் திருப்பிச் சுற்றும் என்பது நம் ஊரில் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். இங்கே இருப்பது நேர்மின்சாரம், அதனால் இரண்டு வயரை மாற்றினால் போதும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடையாளம் காண மல்டிமீட்டர் வேண்டும். மோட்டாரின் கப்ளரை (வயர்கள் சேரும் பிளக்கை) கழற்றி, வண்டிப் பக்கம் இருக்கும் பின்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மீட்டரின் கறுப்பு முனை பாடியில், சிவப்பு முனை பின்னில். சாவி இல்லாதபோதே 12 வோல்ட் காட்டினால் அது மெயின். செட்டில் ரேடியோ போட்டதும் 12 வந்து, நிறுத்தியதும் போனால் அது சிக்னல். எர்த்தைக் கண்டுபிடிக்க மீட்டரை பீப் சத்தத்துக்கு மாற்றி, பின்னுக்கும் பாடிக்கும் நடுவே பாருங்கள். சில மோட்டாருக்கு எர்த் வயரே இருக்காது, மாட்டியிருக்கும் போல்ட் வழியாகவே எர்த் கிடைக்கும். அதனால் வயரின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் மீட்டர் சொல்வதையும் கேளுங்கள். பல்பு வைத்த டெஸ்டர் வேண்டாம். பல்பு இழுக்கும் கரண்டை செட்டின் சிக்னல் வயர் தாங்காமல் போகலாம்.

கூரையில் சின்னக் குச்சி ஆன்டெனா இருக்கும் புது வண்டிகளிலும் செட்டிலிருந்து நீல வயர் ஒன்று போகும். அது ஆன்டெனாவுக்குள் சிக்னலைக் கூட்டும் பூஸ்டருக்கான கரண்ட். அங்கே ஸ்விட்ச் போட்டால் ரேடியோ இரைச்சலாகும், வேறு பயன் இல்லை. இந்த வழிகாட்டி நீண்டு சுருங்கும் கம்பிக்கு மட்டும்.

செலவில்லாமல் முடியுமா என்று முதலில் பாருங்கள்

வெளியில் வாங்கிப் போடும் செட்களில் வயர் நிறம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மஞ்சள் எப்போதும் நிற்கும் 12 வோல்ட், சிவப்பு சாவி லைன் (சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருவது), கறுப்பு எர்த். முழு நீலம் ஆன்டெனாவுக்கு. வெள்ளைக் கோடு போட்ட நீலம் ஆம்ப்ளிஃபையரை எழுப்புவதற்கு. பல செட்களில் முழு நீல வயரில் ரேடியோ ஓடும்போது மட்டுமே கரண்ட் வரும். வெள்ளைக் கோடு போட்டதில் செட் ஓடும்போதெல்லாம் வரும். ஆன்டெனாவைத் தவறுதலாக வெள்ளைக் கோட்டு வயரில் இணைத்திருந்தால், பென்டிரைவ் பாட்டுக்கும் கம்பி ஏறத்தான் செய்யும். உங்கள் செட்டில் இரண்டு வயரும் இருந்தால், பென்டிரைவ் ஓடவிட்டு முழு நீலத்தில் மீட்டர் வையுங்கள். சுழி காட்டினால் ஆன்டெனா வயரை அதற்கு மாற்றுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

எங்கள் செட்டில் வெள்ளைக் கோட்டு நீலம் ஒன்றுதான் இருந்தது. ஆகவே ஸ்விட்ச்தான் வழி.

ஸ்விட்சை மெயின் வயரில் போடாதீர்கள்

நான் முதலில் ஒரு கடையில்தான் வண்டியை விட்டேன். அவர்கள் எப்போதும் 12 வோல்ட் நிற்கும் மெயின் வயரை வெட்டி அதில் ஸ்விட்ச் வைத்துவிட்டார்கள். பார்க்கச் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் கம்பி மேலே இருக்கும்போது ஸ்விட்சை அணைத்தால், இறங்குவதற்கும் கரண்ட் இல்லாமல் கம்பி அப்படியே மேலே நின்றுவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து தோப்புக்குத் திரும்பும் வழியில் தாழ்ந்து தொங்கிய புளியங்கிளை ஒன்று அதை மடக்கிவிட்டது. காசு போனது மட்டுமில்லை, அந்தக் கம்பிக்குச் சரியான மாற்று கிடைக்க ரொம்ப நாள் அலைய வேண்டியிருந்தது. தானியங்கி ரகத்தில் ஸ்விட்ச் போக வேண்டிய இடம் சிக்னல் வயர் மட்டுமே. மெயினைத் தொடவே வேண்டாம்.

என்னென்ன வாங்க வேண்டும்

தானியங்கி ரகத்துக்கு மூன்று நிலை உள்ள டாகிள் அல்லது ராக்கர் ஸ்விட்ச். கடையில் "நடுவுல ஆஃப், ரெண்டு பக்கமும் ஆன், மூணு காலு" என்று சொன்னால் எடுத்துத் தருவார்கள். வெறும் ஆன்-ஆஃப் ஸ்விட்சும் வேலை செய்யும், ஆனால் நான் மூன்று நிலையைத்தான் சொல்வேன், காரணம் கீழே வருகிறது.

இரண்டு வயர் ரகத்துக்கு, அழுத்தும்வரை மட்டும் வேலை செய்து, விட்டதும் நடுவுக்குத் திரும்பும் ஆறு கால் ஸ்விட்ச். அது கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம். கார் அலங்காரப் பொருள் கடைகளில் விற்கும் ஐந்து கால் பவர் விண்டோ ஸ்விட்ச் இதே வேலையைச் செய்யும். கதவுக் கண்ணாடி மோட்டாரும் இப்படித்தான் பிளஸ் மைனஸ் மாறி ஓடுகிறது.

அதோடு வண்டிக்கென்று விற்கும் பல இழை வயர். சிக்னலுக்கு 1 சதுர மில்லிமீட்டர் தாராளம், மோட்டாருக்கு நேராகப் போகும் வயர் 1.5 இருக்கட்டும். வீட்டு வயரிங்கில் மீந்த ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம். வண்டி அதிர அதிர ஒரு நாள் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும், வெளியே தெரியாது. பியூஸ் ஹோல்டர் ஒன்று, ஸ்விட்ச் காலில் செருக வயர் முனையில் போடும் லக்குகள், சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ், தகரத்தில் வயர் நுழையும் இடத்துக்கு ரப்பர் கிரோமெட், சால்டரிங் அயர்ன். இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் மூடி நிற்கும் வண்டியின் டேஷ்போர்டுக்குள் டேப்பின் பசை உருகி, சுற்று தானாகவே பிரிந்துவிடும். அதனால் எல்லா இணைப்பையும் சால்டர் செய்து ஸ்லீவ் போடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் கம்பியைத் துடையுங்கள்

கம்பியே சிக்கிக்கொண்டு ஏறினால் ஸ்விட்ச் எதையும் சரிசெய்யாது. பொள்ளாச்சிப் பக்கம் செம்மண் புழுதி, பல்லடம் திருப்பூர் பக்கம் போனால் காற்றில் பஞ்சுத் தூசி. இரண்டும் கம்பியின் மூட்டுகளில் ஒட்டும். கம்பியை முழுதும் ஏற்றி, சுத்தமான துணியால் ஒவ்வொரு மூட்டாகத் துடையுங்கள். மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு தடவை இழுத்துவிட்டு, அதையும் உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். கிரீஸ் தடவவே கூடாது, அது புழுதியை இழுத்துச் சாந்தாக்கிவிடும். மோட்டாரின் அடியில் தண்ணீர் வடிய ஒரு ரப்பர் குழாய் இருந்தால் அதில் மண் அடைத்திருக்கிறதா பாருங்கள். பல மோட்டார்கள் சாவது அந்தக் குழாய் அடைத்து மழைத்தண்ணீர் உள்ளே நிற்பதால்தான்.

பிரித்து வேலை செய்யும் முறை

பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். பல வண்டிகளில் 10 ஸ்பானர் போதும். அதற்கு முன் ஒரு விஷயம்: சில பழைய வெளிநாட்டுச் செட்கள் கரண்ட் போனால் ரகசிய எண் கேட்கும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கழற்றுங்கள்.

செட்டை வெளியே இழுங்கள். வெளியில் வாங்கிய செட் என்றால் இரண்டு பக்கமும் நுழைக்கத் தட்டையான சாவி கொடுத்திருப்பார்கள். பின்னால் இருக்கும் வயர் கட்டை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் மஞ்சள் நிறக் கப்ளர்களைத் தொடாதீர்கள், மீட்டரும் வைக்காதீர்கள்.

அடுத்து ஸ்விட்சுக்கு இடம். ஸ்டீயரிங் பக்கத்தில் டம்மி மூடி இருந்தால் அதுதான் சிறந்த இடம், டேஷ்போர்டில் புதுத் துளை விழாது. துளை போட்டே ஆக வேண்டும் என்றால் ஸ்விட்சின் கழுத்தை அளந்துகொண்டு, முதலில் சின்ன துளை போட்டு, பின்னால் வயரோ ஹீட்டர் குழாயோ இல்லை என்று கையை விட்டுப் பார்த்து, பிறகு பெரிதாக்குங்கள். முழங்கால் இடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

இனி இணைப்பு. தானியங்கி ரகத்துக்கு இப்படி:

செட்டிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் சிக்னல் வயரை வெட்டுங்கள். அதே வயர் ஆம்ப்ளிஃபையருக்கும் பிரிந்து போகிறதென்றால், பிரிவுக்குப் பிறகு ஆன்டெனாப் பக்கம் மட்டும் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் கம்பியை இறக்கியதும் பாட்டும் நின்றுவிடும். ஆன்டெனாவுக்குப் போகும் முனையை ஸ்விட்சின் நடுக்காலில் இணையுங்கள். செட்டிலிருந்து வரும் முனையை ஒரு ஓரக்காலில். மிச்சமிருக்கும் ஓரக்காலுக்குச் சாவி லைனிலிருந்து, அதாவது செட்டின் சிவப்பு வயரிலிருந்து, 1 ஆம்பியர் பியூஸ் வழியாக ஒரு வயர்.

இப்போது ஸ்விட்ச் ஒரு பக்கம் இருந்தால் கம்பி பழையபடி செட்டோடு ஏறி இறங்கும். நடுவில் வைத்தால், செட் என்ன சொன்னாலும் கம்பி கீழேதான். மறுபக்கம் தட்டினால் செட் அணைந்திருந்தாலும் கம்பி மேலே. இந்த மூன்றாவது நிலைக்காகத்தான் மூன்று கால் ஸ்விட்ச் வாங்கச் சொன்னேன். கம்பியைத் துடைக்கும்போதும் மாற்றும்போதும் செட்டைத் தொடாமல் ஏற்றி இறக்கலாம். செட்டின் நீல வயர் என்றாவது கெட்டுப்போனாலும் ஆன்டெனா ஓடும். இரண்டு மூலமும் தனித்தனிக் காலில் இருப்பதால் சாவி லைன் கரண்ட் செட்டின் நீல வயருக்குள் பின்னாலிருந்து புகாது. மூலத்தை எப்போதும் நிற்கும் லைனில் எடுக்காமல் சாவி லைனில் எடுப்பதற்கும் காரணம் உண்டு: மறந்து இறங்கிப் போனாலும் சாவியை எடுத்ததும் கம்பி இறங்கிவிடும்.

ஒரு கவனம். செட்டின் நீல வயர் பெரும்பாலும் அரை ஆம்பியர்கூடத் தாங்காது. வெட்டிய முனை பாடியில் உரசினால் செட்டுக்குள் இருக்கும் பாகம் போய்விடலாம். அதனால்தான் பேட்டரியை முதலிலேயே கழற்றச் சொன்னேன். அதே காரணத்தால் இரண்டு வயர் மோட்டாரை நீல வயரிலிருந்து நேராக ஓட்ட நினைக்கவே கூடாது.

அந்த இரண்டு வயர் ரகத்துக்கு ஆறு கால் ஸ்விட்ச் என்றால்: கால்கள் இரண்டிரண்டாக மூன்று வரிசையில் இருக்கும். நடு வரிசையின் இரண்டு காலும் மோட்டாருக்கு. மேல் வரிசையில் இடது கால் பிளஸ், வலது கால் எர்த். கீழ் வரிசைக்கு அவற்றையே குறுக்காகக் கொண்டுபோங்கள்: மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு ஒரு துண்டு வயர், மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கு இன்னொன்று. இந்தக் குறுக்கு வயர்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது, இரண்டுக்கும் ஸ்லீவ் போடுங்கள். பவர் விண்டோ ஸ்விட்ச் என்றால் ஒரு கால் பிளஸ், இரண்டு எர்த், இரண்டு மோட்டார். எந்தக் கால் எது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அழுத்தாதபோது எந்தக் கால்கள் ஒன்றோடொன்று பீப் தருகின்றன, அழுத்தினால் எது மாறுகிறது என்று மீட்டரில் பார்த்துக் காகிதத்தில் வரைந்துகொண்டு இணையுங்கள்.

இந்த ரகத்துக்குப் பிளஸ்ஸை 10 ஆம்பியர் பியூஸோடு பேட்டரியிலிருந்தே எடுக்கலாம், பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்விட்ச் தானாகவே நடுவுக்கு வந்துவிடுவதால் பேட்டரி வடியாது. சாவியை எடுத்தபிறகும் கம்பியை இறக்க முடியும். வீட்டில் சின்னக் குழந்தைகள் வண்டிக்குள் விளையாடுவார்கள் என்றால் மட்டும் சாவி லைனுக்கு மாற்றுங்கள், அங்கே இருக்கும் பியூஸ் இந்த மோட்டாரையும் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு.

வயர் எஞ்சின் பக்கத்துக்கோ பெண்டருக்குள்ளோ தகரத்தைத் தாண்டிப் போகும் இடத்தில் கிரோமெட் கட்டாயம். பெடலுக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் எட்டாதபடி டை போட்டுக் கட்டுங்கள்.

மூடுவதற்கு முன் சோதனை

எதையும் திருகி மூடாமல், வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, பேட்டரியை மாட்டுங்கள். தானியங்கி ரகத்தில் மூன்று நிலையையும் செட் போட்டும் அணைத்தும் பாருங்கள். ஏறிய கம்பி நின்றதும் மோட்டார் சத்தமும் நிற்க வேண்டும். சத்தம் தொடர்ந்தால் உள்ளே பல்கயிறு வழுக்குகிறது, அது ஸ்விட்சின் கோளாறு அல்ல. இரண்டு வயர் ரகத்தில் மேலே அழுத்தினால் கீழே போகிறதா? மோட்டாரின் இரண்டு வயரை மாற்றிப் போடுங்கள், முடிந்தது. "டக டக" கேட்ட நொடியே விரலை எடுப்பது இந்த ரகத்துக்கு ஆயுள். பக்கத்தில் நிற்பவரிடமும் ஸ்விட்சைக் கொடுத்துப் பழக்கிவிடுங்கள்.

பிறகு ரேடியோ. எங்கள் பக்கம் கொடைக்கானல் எஃப்.எம். 100.5 கம்பி மேலே இருந்தால் தெளிவாக வரும். அந்த அலையின் நீளம் சுமார் 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். கம்பி ஏறக்குறைய அந்த நீளம் நின்றால் எஃப்.எம்.முக்குப் போதும். கோவை வானொலியின் மத்திய அலை 999 கிலோஹெர்ட்ஸ் வேறு கணக்கு, அதன் அலை நீளம் 300 மீட்டர். அங்கே கம்பி எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு நல்லது, முழுதும் ஏற்றிக் கேளுங்கள். கோவை நகருக்குள் 98.3, 93.5 போன்றவை கம்பி கீழே இருந்தாலும் பெரும்பாலும் கேட்கும், அப்போது ஸ்விட்சை நடுவிலேயே விடலாம். வால்பாறை மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவிலும் எந்தக் கம்பியும் ஒரே மாதிரி எடுக்காது, அதற்காக ஆன்டெனாவைக் குறை சொல்ல வேண்டாம்.

கம்பி மட்டும் போயிருந்தால்

மோட்டார் நன்றாக இருந்து கம்பியும் பல்கயிறும் மட்டும் போயிருந்தால் முழு யூனிட்டை மாற்ற வேண்டியதில்லை. தானியங்கி ரகத்தில் புது ஸ்விட்ச் இங்கேதான் அருமையாக உதவும். பெண்டரின் மேல் நட்டைக் கழற்றுங்கள். ஸ்விட்சை மேலே ஏற்றும் நிலைக்குத் தள்ளினால் பழைய கம்பி கயிற்றோடு வெளியே வந்துவிடும், கையில் பிடித்து மெதுவாக இழுத்துக்கொள்ளுங்கள். அறுந்த துண்டு உள்ளே தங்கியிருந்தால் மோட்டாரைக் கழற்றி எடுத்தே ஆக வேண்டும், அதை விட்டுவிட்டுப் புதியதை நுழைத்தால் அதுவும் சிக்கும். புதுக் கம்பியின் பல்கயிற்றை, பழையது வெளியே வந்தபோது பல் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் பார்க்க உள்ளே விடுங்கள். சக்கரத்தைத் தொட்டதும் கைக்குத் தெரியும். ஸ்விட்சை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், மோட்டார் கயிற்றை உள்ளே இழுக்கும். கம்பியை நேராகப் பிடித்துத் துணையாகப் போங்கள், தள்ளாதீர்கள். முழுதும் உட்காரவில்லை என்றால் ஒரு தடவை ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும். பிறகு நட்டைக் கையால் போட்டு, ஸ்பானரில் கால் சுற்று மட்டும்.

எங்கள் வண்டியில் இதைச் செய்து முடித்த அன்று மாமா முன் சீட்டில் உட்கார்ந்து, பென்டிரைவைப் போட்டுவிட்டு, கண்ணாடி வழியே பெண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி வரவில்லை. "இப்ப செரீங்க மாப்ள, ஷெட்டுக்குள்ள வுடுங்க" என்றார்.